அறுவடை வரைக்கும் ஒரு பட்டாளம்

டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் நான் ஒரு காலாட்படையில் இருக்கிறேன் என்று யாரிடமாவது சொன்னால், பக்கத்தில் நிற்கும் என் மனைவி, "படையில்லை, விசர், பைத்தியம்" என்று உடனே திருத்திவிடுவாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து என்னைத் திருத்தி வருபவள். ஆனாலும் இந்த விஷயத்தில் அவள் சொல்வது முழுக்கச் சரியில்லை. படை இருக்கிறது. கப்டன் இருக்கிறார், சார்ஜன்ட் இருக்கிறார், ஒரு பீரங்கியும் இருக்கிறது. பீரங்கி எதிரியுடையது. கோடையில் இரண்டு நாளைக்கு ஜெர்மனியிலிருந்து வண்டியில் கட்டி இழுத்து வருவார்கள்.

நான் டென்மார்க்குக்கு வந்ததே எந்தப் படையிலும் சேராமல் இருப்பதற்காகத்தான். யாழ்ப்பாணத்தில் அப்போது என் வயதுப் பெடியனுக்கு இரண்டு ஆபத்துகள் இருந்தன. ஒன்று, ஆமி பிடித்துக்கொண்டு போவது. மற்றது, இயக்கம் கூட்டிக்கொண்டு போவது. நான் படித்த டியூட்டரிக்கு இயக்கத்துப் பெடியள் வந்து பேசுவார்கள். நன்றாகப் பேசுவார்கள், அதுதான் பயம். எங்கே நானும் சேருகிறேன் என்று கையைத் தூக்கிவிடுவேனோ என்று வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஒரு ஏஜென்சிக்காரனோடு என்னை அனுப்பிவிட்டார்கள். துவக்கைக் கையால் தொடாமலே தப்பி வந்தவன் என்பது எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையை ஐம்பத்தெட்டு வயதில், ஒரு மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் இழந்தேன்.

நான் வேலை செய்வது பால் பெட்டிகளுக்குப் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன் ஒரு டேனிஷ்காரன். கதவு நிலையில் குனிந்து வருமளவு உயரம், செம்பட்டைத் தாடி, ஒரு நாளைக்கு ஒரு வசனம் பேசுவான். ஒரு வாரமாக அவன் தன் கறுப்புப் பாண் ரொட்டியைச் சப்பிக்கொண்டே என்னைத் தலையிலிருந்து கால்வரைக்கும் அளந்துகொண்டிருந்தான். சாப்பாட்டறையில் ஒருவன் இப்படிப் பார்த்தால் எழும்பிப் போகவும் முடியாது, இருக்கவும் முடியாது.

வெள்ளிக்கிழமை அவன் கேட்டான்: "நீ எவ்வளவு உயரம்?"

சொன்னேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அதுதான்! அதேதான்!" என்று மேசையில் அடித்தான்.

விஷயம் இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மன் எதிரிப் படை பிரெடெரிசியாவை முற்றுகையிட்டபோது, ஊரைக் காக்க வந்த தொண்டர் படை ஒன்று இருந்ததாம். அந்தப் படையின் சரித்திரத்தை நடித்துக் காட்ட இங்கே ஒரு சங்கம் இருக்கிறது. டென்மார்க்கில் இது ஆச்சரியமில்லை. இங்கே மூன்று பேர் ஒரே மாதிரித் தும்மினால் அதற்கும் ஒரு சங்கம் வைத்துத் தலைவரைத் தெரிவு செய்து கேக் வெட்டுவார்கள். அவர்களிடம் உண்மையான அளவில் தைத்த ஒரு சீருடை சும்மா கிடந்தது. அந்தக் காலத்து டேனிஷ்காரர் கட்டை. இந்தக் காலத்து டேனிஷ்காரர் ஒருவருக்கும் அது முழங்கைக்குக் கீழே வரவில்லை.

"தொழிற்சாலையிலேயே சரித்திரத்துக்குப் பொருத்தமான உயரம் உனக்கு மட்டும்தான்" என்றான்.

"என் முகம்?" என்று கேட்டேன்.

அவன் அதை யோசித்திருக்கவில்லை. கதிரையோடு பின்னால் சாய்ந்து பார்த்தான். "தூரத்தில் தெரியாது" என்றான்.

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் இத்தனை வருடத்தில் அந்தத் தொழிற்சாலையில் டிசம்பர் மாத நத்தார்ப் பண்டிகைச் சாப்பாட்டைத் தவிர வேறு எதற்கும் ஒருவரும் என்னைக் கூப்பிட்டதில்லை. "கோப்பி இருக்கும்" என்று அவன் வேறு சேர்த்துச் சொன்னான். சரி என்றுவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்காமலே திரும்பினாள்.

"என்னப்பா, உங்களுக்கு விசரே? சண்டை வேண்டாமெண்டுதானே ஊரை விட்டு ஓடி வந்தனாங்கள்? இப்ப கிழட்டு வயசில துவக்கு தூக்கப் போறியளோ?"

"அது வெறும் நடிப்பு. குண்டு இல்லாத துவக்கு."

"குண்டு இல்லாட்டி ஏன் தூக்குவான்?"

வெட்டிய மீனைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன்.

மகள் ஒடென்ஸயில் படிக்கிறாள். சனி ஞாயிறு வீட்டுக்கு வருவாள். நாங்கள் தமிழில் கேட்பதற்கெல்லாம் டேனிஷில் பதில் சொல்வாள். அப்பா எந்தப் பக்கத்துக்குச் சண்டை பிடிக்கிறார் என்று மட்டும் கேட்டாள். டென்மார்க் பக்கம் என்றேன். "சரி, அப்ப பரவாயில்லை" என்று டேனிஷில் சொல்லிவிட்டு மறுபடியும் தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கினாள். எனக்கு என்னவோ ஒரு மகனைப் போர்முனைக்கு அனுப்புகிற தாய் மாதிரி அவள் கொஞ்சமாவது கலங்கியிருக்கலாம் என்று தோன்றியது.

முதல் கூட்டத்துக்குப் போனேன். ஃபோர்க்லிஃப்ட்காரன் அங்கே சார்ஜன்ட். கப்டன் என்பவர் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர். மெலிந்த மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி. டேனிஷில் எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். ஆனாலும் அவரைப் பார்த்து 'நீ' என்று சொல்ல எனக்கு ஒவ்வொரு முறையும் நாக்கு ஒரு கணம் தடுக்கும். அவர் எனக்குக் கை கொடுத்து, "கோடைக்கு மட்டும்தான். ஒவ்வொரு வருடமும் கோடைக்கு மட்டும் சேருகிறோம். அதுதான் எங்கள் படையின் வழக்கம்" என்றார். கோப்பியும் பெரிய வளையம் மாதிரி ஒரு இனிப்புப் பணிஸும் வந்தன. அதன்பிறகு அவர் படையின் சரித்திரத்தைச் சொல்லத் தொடங்கினார்.

நான் ஏதோ வீரதீரமான கதை வரப்போகிறது என்று நிமிர்ந்து இருந்தேன். ஊர் நடுவில் வெற்றிச் சிலையெல்லாம் நிற்கிறதே. ஆனால் கப்டனுடைய படை வேறு மாதிரி.

முற்றுகை தொடங்கியதும் எதிர்க்கரைத் தீவிலிருந்து வள்ளங்களில் வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். பாண் போடுகிறவர்கள், கயிறு திரிக்கிறவர்கள், பண்ணைக் கூலிகள், சில மாணவர்கள், ஒரு நடன ஆசிரியர். துவக்கு வந்து சேரும்வரை தடிகளோடு பயிற்சி. உண்மையான அதிகாரிகள் எல்லாரும் கோட்டைச் சுவரில் இருந்தபடியால், இவர்களுக்கு நடை பழக்கியது அந்த நடன ஆசிரியர்தான். அதனால் நேரே நடக்கத் தடுமாறினாலும் திரும்புவது மட்டும் மிக அழகாக இருக்குமாம். அவர்களுடைய முதல் மோதல் ஒரு விடியற்காலைப் பனிமூட்டத்தில் நடந்தது. எதிரி என்று நினைத்துப் பாய்ந்தது டேனிஷ் மாடுகள் மேலே. மாடுகள் வென்றன. முதலில் காயப்பட்டவர் சமையல்காரர், பட்டாணி சூப் கொட்டி. பெரிய சண்டை நடந்த இரவில் அவர்களைப் பாண் களஞ்சியத்துக்குக் காவல் வைத்தார்கள். விடிகிற நேரத்தில் ஒருவழியாக முன்னேறச் சொல்லிக் கட்டளை வந்தது. முன்னேறினார்கள். பாதி வழியில் இன்னொரு கட்டளை வந்தது: தேவையில்லை, சண்டை முடிந்துவிட்டது, திரும்புங்கள்.

"திரும்பினார்கள்" என்றார் கப்டன், கண்கள் மின்ன. "மிக அழகாக."

யாரும் சாகவில்லையா என்று கேட்டேன். முகாமில் வயிற்றோட்டம் வந்து சிலர் செத்தார்கள் என்றார். ஒரு சிறிய கல் இருக்கிறதாம். சங்கம் வருடா வருடம் அதில் பூ வைக்கிறது. அதைச் சொல்லும்போது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு முடிவைச் சொன்னார். அந்தத் தொண்டர்கள் கோடைக்கு மட்டுமே சேர்ந்தவர்கள். பயிர் விளைந்து நின்றது. போர் இன்னும் முடியவில்லை, நில்லுங்கள் என்று தளபதி நேரில் வந்து கேட்டார். சிலர் நின்றார்கள். மற்றவர்கள் துவக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்கள்.

"போனவர்களை என்ன செய்தார்கள்?" என்று கேட்டேன்.

"யாரை?"

"வீட்டுக்குப் போனவர்களை."

"ஒன்றும் செய்யவில்லை. கை கொடுத்து நன்றி சொன்னார்கள்."

"பிறகு?"

"பிறகு அறுவடை."

"சுடவில்லையா?"

யாரோ கோப்பிக் கோப்பையை மெதுவாகத் தட்டில் வைத்தார்கள். கப்டன் என் பக்கம் திரும்பி, சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "அவர்கள் கோடைக்குத்தான் சேர்ந்தார்கள். கோடை முடிந்துவிட்டது."

அன்றைக்குக் கார் ஓட்டிக்கொண்டு வரும்போது அதைத்தான் யோசித்தேன். ஒரு போர் நடக்கிறது. நடுவில் ஒரு மனிதன், என் தவணை முடிந்துவிட்டது, போறன் என்கிறான். அவனுக்குக் கை கொடுக்கிறார்கள். என் டியூட்டரியில் கையைத் தூக்கியவர்களிடம் எதுவரைக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியே எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதில் ஒருவனும் அறுவடைக்கு வரவில்லை. படையில் நடிப்பது என்று நான் உண்மையாக முடிவெடுத்தது அந்த வீதியில்தான். துவக்குக்காக இல்லை. கடைசிக் காட்சியில் அதைத் திருப்பிக் கொடுப்பதற்காக.

சீருடை வீட்டுக்கு வந்தது. கருநீலக் கம்பளிக் கோட்டு. ஆட்டின் மணம் இன்னும் போகவில்லை. நீளம் சரி, ஆனால் என் வயிற்றை அந்தக் காலத்துக் கூலிக்காரன் யாரும் வைத்திருந்ததில்லை. மனைவி தையல் மெஷினில் இங்கிருக்கும் பாதித் தமிழ்ப் பெண்களுக்குச் சாரி பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள். முதல் நாள் அந்தக் கோட்டைத் தொடவே மாட்டேன் என்றாள். இரண்டாம் நாள் அதன் பின்பக்கத் தையலைப் பார்த்து, "எந்தக் குருடன் தைச்சது?" என்றாள். மூன்றாம் நாள் அது எனக்கு அச்சாவாகப் பொருந்தியது.

அடுத்த கூட்டத்தில் அதைப் போட்டுக்கொண்டு போனதுதான் பிழை. சார்ஜன்ட் என்னைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். அந்தக் கிழமையே அவன் தன் காற்சட்டையோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றான். பிறகு படை முழுவதும் வந்தது. சரித்திரப் படை ஒன்றின் சராசரி வயது அறுபதைத் தாண்டும்போது இடுப்புப் பக்கம் நிறைய வேலை இருக்கும். என் மனைவி வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, ஆறடிக்கு மேல் உயர்ந்த டேனிஷ்காரரைக் கதிரையில் ஏற்றி நிறுத்தி அளவெடுத்தாள். அவளுக்கு டேனிஷ் கொஞ்சம்தான் வரும். ஆனால், "வயிற்றை உள்ளே இழு" என்பதைப் பிழையில்லாமல் சொல்லப் பழகிவிட்டாள்.

எங்கள் சபைப் போதகர் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். பெந்தெகொஸ்தே சபையில் எதுவும் ஒளிந்திருக்காது.

"பிரதர், நீங்கள் ஆமியில சேர்ந்திட்டியளாம்?"

விளக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"அப்ப ஆரையும் கொல்லுற இல்லை?"

"இல்லை, பாஸ்டர். எங்கட படை திரும்பி வாற படை."

"திரும்பி வாறதோ?" போதகருக்கு அது பிடித்துவிட்டது. "மனந்திரும்புதல் மாதிரி."

அப்படியும் சொல்லலாம் என்றேன். சபையார் எல்லாரையும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு பார்க்க வருவதாக அறிவித்துவிட்டார்.

இதற்கிடையில் எனக்குத் தெரியாமல் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. "சுடவில்லையா?" என்று நான் கேட்ட கேள்வி அந்தச் சங்கத்தின் நித்திரையைக் கெடுத்துவிட்டது. போரிலிருந்து தப்பி வந்த மனிதன். மனதில் என்னென்ன காயமோ. பீரங்கி வெடித்தால் என்ன ஆகும்? நான் இல்லாத ஒரு கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் போட்டுக் கதைத்திருக்கிறார்கள். சார்ஜன்ட் மனநல முதலுதவி வகுப்புக்கே போய் வந்துவிட்டான். ஜெர்மனியிலிருந்து வரும் எதிரிச் சங்கத்துக்கும் தகவல் போயிருக்கிறது: எங்கள் வரிசையில் குள்ளமான, கறுத்த ஒருவர் நிற்பார்; அவரோடு மென்மையாக நடந்துகொள்ளுங்கள்.

நிகழ்ச்சி நாள் காலையில் சார்ஜன்ட் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் காதுக் கவசத்தை என்னிடம் நீட்டினான்.

"எனக்குத் தேவையில்லை. இதைவிடப் பெரிய சத்தமெல்லாம் கேட்டவன்" என்றேன்.

"அதுதான்" என்றான் கவலையோடு.

கப்டன் வந்து, அந்தக் காலத்தில் மஞ்சள் பிளாஸ்டிக் இல்லை என்று மறுத்தார். சார்ஜன்ட் விடவில்லை. கடைசியில் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: கம்பளி அந்தக் காலத்திலும் இருந்தது. ஆளுக்கொரு பக்கம் நின்று என் இரண்டு காதிலும் கம்பளியை உருட்டி அடைத்தார்கள். இவ்வளவு அன்பாக ஒருவர் செய்யும்போது வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்திருந்தாலும் எனக்கே கேட்டிருக்காது.

பழைய கோட்டை மண்மேட்டில் சனம் நிறைந்திருந்தது. வெயில் என்றால் டென்மார்க்கில் வருடத்துக்கு ஒருமுறை வருகிற அந்த வெயில். ஒரு பக்கத்தில் டேனிஷ்காரர் போர்வை விரித்துப் பியர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மறுபக்கத்தில் எங்கள் சபையார் மடக்குக் கதிரைகளோடும் சோற்றுப் பெட்டிகளோடும் ஒரு தனி முகாமே போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒருவர் சண்டையை விளக்கிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை.

சார்ஜன்ட் கையைக் காட்டினான். நடந்தோம். பீரங்கி வெடித்ததை நான் புகையைப் பார்த்துத்தான் அறிந்தேன். பக்கத்தில் வந்தவர்கள் எல்லாரும் சட்டென்று என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சிரித்துக் காட்டினேன். அவர்களுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். பிறகு என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். நானும் நேரே பார்த்து, சப்பாத்து ஒவ்வொன்றும் ஒரு கல் மாதிரிக் கனக்க, வேர்வை கண்ணில் விழ நடந்தேன். பாதி வழியில் கட்டளை வரும், நிற்க வேண்டும், அழகாகத் திரும்ப வேண்டும். அதற்குத்தான் காத்துக்கொண்டு நடந்தேன். இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்று நடந்தேன். பாதி வழி என்பது நான் நினைத்ததைவிடத் தூரம் என்று நினைத்துக்கொண்டேன்.

எதிரியின் முகங்கள் தெளிவாகத் தெரியத் தொடங்கின. பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவர் வெள்ளை மீசைக்காரர். அவருடைய ஊரில் பல் வைத்தியர் என்று பிறகு அறிந்தேன். அவர் என்னைக் கண்டதும் முகம் வெளிறிப் பக்கத்தில் நின்றவரிடம் ஏதோ சொன்னார். அவர்கள் இருவரும் துவக்குகளை மெதுவாகப் புல்லில் வைத்தார்கள். பின்னாலே நின்றவர்களும் வைத்தார்கள். பிறகு ஒரு படை முழுவதும், வரிசையாக, இரண்டு கைகளையும் தூக்கியது. பல் வைத்தியரின் மீசை மட்டும் மெல்ல மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

இது ஒத்திகையில் இருக்கவில்லையே என்று யோசித்தபடி நான் பீரங்கியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. எங்கள் படை வெகு தொலைவில், புறப்பட்ட இடத்திலேயே மறுபடியும் நின்றது. மிக அழகாகத் திரும்பியிருப்பார்கள்.

ஒரு காதிலிருந்து கம்பளியைப் பிடுங்கினேன். உலகம் முழுவதும் ஒரே இரைச்சலாக உள்ளே வந்தது. டேனிஷ்காரர் எழுந்து நின்று கத்தினார்கள். எங்கள் சபையார் கதிரைகளில் ஏறி நின்றார்கள். "விடாதையுங்கோ அண்ணை! விடாதையுங்கோ!" என்று கேட்ட குரல் போதகருடையது. ஒலிபெருக்கிக்காரர், "தொண்டர் படை... தொண்டர் படையில் ஒருவர்... பீரங்கியைக் கைப்பற்றிவிட்டார்" என்று தயங்கித் தயங்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். பல் வைத்தியர் என் பக்கம் குனிந்து, பிள்ளையின் பல்லைப் பிடுங்குவதற்குமுன் பேசுகிற குரலில், ஆங்கிலத்தில் சொன்னார்:

"பயப்பட வேண்டாம். இது நாடகம். நீங்கள் டென்மார்க்கில் இருக்கிறீர்கள். பாதுகாப்பாக இருக்கிறீர்கள்."

"எனக்குத் தெரியும்" என்றேன். "நீங்கள் ஏன் கையைத் தூக்கினீர்கள்?"

அவர் பதில் சொல்லுமுன் கப்டன் வந்துவிட்டார். வாளைத் தூக்கிப் பிடித்தபடி, கண்ணாடி ஒரு காதில் தொங்க, வெளி முழுவதையும் குறுக்காகக் கடந்து ஓடி வந்தார். "இது நடக்கவில்லை! இது நடக்கவே இல்லை!" என்று சனத்தைப் பார்த்துக் கத்தினார். சனம் அவர் வெற்றி முழக்கம் செய்கிறார் என்று நினைத்து இன்னும் பலமாகக் கை தட்டியது.

அவருக்குப் பின்னால் சார்ஜன்ட். வகுப்பில் படித்ததை ஒன்றும் விடாமல் செய்தான். என்னை உட்கார வைத்தான். தண்ணீர் தந்தான். கொளுத்தும் வெயிலில் கம்பளிக் கோட்டுக்கு மேலே ஒரு கம்பளிப் போர்வையைப் போர்த்திவிட்டான். என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போது என்னென்ன தெரிகிறது என்று ஐந்து பொருள் சொல்லச் சொன்னான். பீரங்கி என்று தொடங்கினேன். அவன் முகம் இன்னும் கவலையானது.

தூரத்திலிருந்து பார்த்தால் போர்வை போர்த்திய மனிதன் எப்படித் தெரிவான் என்பதை அவன் யோசிக்கவில்லை. தடுப்புக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு என் மனைவி வந்தாள். அவள் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. வந்த வேகத்தில் கைப்பையால் சார்ஜன்டின் தோளில் ஒரு அடி.

"என்ர ஆண்டவரே! எங்கை பட்டது? எங்கை பட்டதப்பா?"

"ஒண்டும் படேல்லை. கேக்கேல்லை."

"என்ன கேக்கேல்லை?"

"திரும்பச் சொன்னது கேக்கேல்லை. காதுக்கை கம்பளி."

அவள் மற்றக் காதிலிருந்த கம்பளியை இழுத்து எடுத்துப் பார்த்தாள். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "கம்பளி இல்லாமலே வீட்டில நான் சொல்லுறது ஒண்டும் உங்களுக்குக் கேக்கிறேல்லை. இதுக்குள்ளை இது வேறயோ?" என்றாள். பிறகு அந்தக் கம்பளியாலேயே கண்ணைத் துடைத்தாள். சார்ஜன்டுக்குத் தோள் நோவா என்று கேட்கவும் மறக்கவில்லை. அவன் இல்லையென்று தலையாட்டி, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான். அவளைக் கண்டால் அது தானாக வரும்.

மத்தியானத்துக்குப் பிறகு கடைசிக் காட்சி. படை கலைகிற காட்சி. வெடி இல்லை, புகை இல்லை. ஒவ்வொரு வருடமும் அந்த நேரம் சனம் ஐஸ்கிறீம் வாங்கப் போய்விடுமாம். எங்கள் சபையார் மட்டும் இருந்தார்கள். அவர்களுக்குச் சோறு இன்னும் முடியவில்லை. நாங்கள் வரிசையாக நின்றோம். கப்டன் என்னோடு கோபம். பீரங்கிக்குப் பிறகு என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒவ்வொருவராகப் போய், துவக்கைச் சாய்த்து வைத்து, அவருக்குக் கை கொடுத்தார்கள். என் முறை வந்தது.

துவக்கை வைத்தேன். கனமான சாமான், கையை விட்டதும் தோள் இரண்டும் தானாக மேலே எழும்பின. கப்டன் கையை நீட்டினார். சொல்ல வேண்டிய வசனம் எல்லாருக்கும் ஒன்றுதான். எனக்கு அவர் சொல்லும்போது மட்டும் கோபத்தை விட்டுவிட்டு, சொல் சொல்லாக, நேரே பார்த்துச் சொன்னார்: "கோடை முடிந்துவிட்டது. உனக்கு நன்றி. நீ வீட்டுக்குப் போகலாம்."

நடிப்பில் நான் சொல்ல வேண்டிய பதில் ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டு அவர் கையை என் இரண்டு கையாலும் பிடித்தேன். அவரும் என் கையை விடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பீரங்கியடியில் வீணாகிப் போன சார்ஜன்டின் மனநல வகுப்பு, நியாயமாக, இந்த இடத்தில்தான் தேவைப்பட்டிருக்கும். ஆனால் அவன் தன் முறை முடிந்து அந்த நேரம் ஐஸ்கிறீம் வாங்கப் போயிருந்தான்.

இலையுதிர்காலத்தில் சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டம் நடந்தது. ஒரேயொரு பிரச்சினை. பீரங்கியைக் கைப்பற்றும் காட்சியை இனி ஒவ்வொரு வருடமும் வைக்க வேண்டும் என்று பாதிப் பேர் கேட்டார்கள். சனத்துக்குப் பிடித்துவிட்டது. எதிரிச் சங்கமும் தங்களுக்குச் சம்மதம் என்று சொல்லியனுப்பியிருந்தது. வழக்கத்தைவிட நேரத்தோடு சரணடைந்தால் நேரத்தோடு பியருக்குப் போகலாம் என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. கப்டன் எழுந்து நின்று, நடக்காததை நடந்தது என்று காட்டுவதானால் தான் விலகிவிடுகிறேன் என்றார். வாக்கெடுப்பில் இரண்டு பக்கமும் சரிசமமாக இருந்தன, என் கை மட்டும்தான் மிச்சம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பீரங்கியைப் பிடித்த வீரன் பீரங்கிப் பக்கம்தான் நிற்பான் என்று நினைத்திருப்பார்கள்.

படை திரும்பி வருகிற பழைய காட்சிக்கே நான் கையைத் தூக்கினேன். ஏன் என்று கேட்டார்கள். பீரங்கி பிடித்த படைகள் உலகத்தில் நிறைய இருக்கின்றன, அதைக் காட்ட வேறு சங்கங்கள் இருக்கும் என்றேன். அதற்கு மேல் டேனிஷில் எனக்குச் சொல்ல வரவில்லை. தமிழிலும் வந்திருக்குமோ தெரியாது. கப்டன் எழுந்து வந்து எனக்குத் தானே கோப்பி ஊற்றினார்.

அடுத்த வசந்தத்தில் மறுபடியும் கோடைக்கு மட்டும் சேர்ந்தேன். காதில் ஒன்றும் வைப்பதில்லை என்ற நிபந்தனையோடு. இந்த முறை மனைவியும் வந்தாள். அந்தக் காலப் படைகளோடு சாப்பாடு விற்கிற பெண்கள் போவார்களாம். சங்கத்தில் அப்படி ஒருவரும் இல்லை. வெள்ளைத் தொப்பியும் நீளப் பாவாடையும் தனக்குத் தானே தைத்துக்கொண்டாள். பிரச்சினை சாப்பாட்டில் வந்தது. அவள் ஒரு பெரிய சட்டி நிறைய மட்டன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்திருந்தாள்.

கப்டன் ஒரு ரோல்ஸை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது அந்தக் காலத்தில் இல்லை" என்றார்.

நான் மொழிபெயர்த்தேன்.

"அப்ப கோப்பி எங்கையிருந்து வந்ததாம்? இவையின்ர தோட்டத்தில காய்ச்சதோ எண்டு கேளுங்கோ" என்றாள் மனைவி.

அதையும் மொழிபெயர்த்தேன். கப்டன் யோசித்தார். கோப்பி கப்பலில் வந்தது என்றார். மிளகும் கப்பலில் வந்தது என்றாள் அவள். மிளகாய்? அதுவும் அதே கப்பல் என்றாள். கப்பலின் பெயர் என்ன என்று அவர் கேட்கப் போகிறார் என்று நான் பயந்தேன். அவர் கேட்கவில்லை. ஒரு கடி கடித்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. மெதுவாக மென்று விழுங்கிவிட்டு, துறைமுக ஊர்தானே, இப்படி ஏதும் வந்திருக்க முடியாது என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது என்றார். பிறகு இன்னொன்று எடுத்தார்.

அவருக்குப் பின்னால் சார்ஜன்டும், அவனுக்குப் பின்னால் படையும், மேட்டுக்குக் கீழே பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த எதிரியும் வரிசையில் நின்றார்கள். சண்டை தொடங்க அரைமணி நேரம் பிந்தியது.